‘சமயம்’ என்ற கோட்டில் என்ன எழுதுவது? மலையக விடுதிகளும் நம்பிக்கையில்லாத பிள்ளைகளும்

இலங்கை மலையகத்தில் பாடசாலை விடுதிக்கான விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த திகதி, தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) எல்லாம் எழுதி முடித்த பிறகு ‘சமயம்’ என்று ஒரு கோடு வரும். பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமல் நிரப்பிவிடுவார்கள். வீட்டில் சாமிப் படமே மாட்டாத குடும்பம், தாய் ஒரு சமயம் தகப்பன் ஒரு சமயம் என்று வாழும் குடும்பம், ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை’ என்று 15 வயதில் சொல்லத் தொடங்கிய பிள்ளையின் குடும்பம், இவர்களுக்குத்தான் அந்த இடத்தில் பேனா நிற்கும். எழுதாமல் விட்டால் சேர்க்க மாட்டார்களா? பூசைக்கும் ஆராதனைக்கும் கட்டாயம் போகவேண்டுமா? போகாமல் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டா? ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் இந்தக் கேள்விகள் எழுகின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்கள். ‘சமயச் சார்புள்ள விடுதி’ என்பது ஒரு சமய அமைப்பு நடத்துகிற விடுதி மட்டுமில்லை. அரசாங்கப் பாடசாலையாக இருந்தும் ஒரு சமயத்தின் வழக்கங்களை அன்றாட ஒழுங்காக வைத்திருக்கும் விடுதியும் இதில் சேரும். ‘சமயமற்ற மாணவர்’ என்றால் கடவுளை மறுத்துப் பேசுகிறவர் என்று மட்டும் பொருளில்லை. வழிபாட்டில் ஈடுபாடு இல்லாத, எந்தச் சமயத்தையும் தன்னுடையதாகச் சொல்ல விரும்பாத பிள்ளையும் சமயமற்ற மாணவரே.

விடுதி ஏன் வேறு?

பகல் பாடசாலையில் சமயம் என்பது காலைக் கூட்டத்தில் ஒரு பிரார்த்தனை, வாரத்தில் சில பாடவேளைகள், வருடத்தில் ஒரு வாணி விழாவோ ஒளி விழாவோ. மணி அடித்தால் வீடு. விடுதியில் அந்த வீடு இல்லை. விடியற்காலை எழுப்பும் மணியிலிருந்து இரவு விளக்கு அணைக்கும் வரை நாளைப் பிரித்து வைத்திருப்பதே பல விடுதிகளில் வழிபாடுதான். எழுந்ததும் தேவாரம் அல்லது செபம், சாப்பாட்டுக்கு முன் நன்றி சொல்லுதல், மாலையில் விளக்கு வைத்தல் அல்லது செபமாலை, படுக்குமுன் இன்னொரு பிரார்த்தனை. இரவுப் படிப்பு எப்போது தொடங்கும் என்பதைக்கூட மாலை வழிபாடு முடியும் நேரம்தான் தீர்மானிக்கும்.

அதனால் ஒரு பிள்ளை வழிபாட்டிலிருந்து விலகினால், அந்த நாளின் நான்கைந்து இடங்களில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கவேண்டும் என்பதே யாருக்கும் தெரியாமல் போகிறது.

மலையகத்தில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே விடுதி பல குடும்பங்களுக்கு வசதியால் வருவதில்லை, தேவையால் வருகிறது. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க வேண்டுமென்றால் ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி என்று நகரத்துக்கு இறங்க வேண்டும். தூரத்து டிவிஷனிலிருந்து காலை பஸ் பிடித்து வருவதும், மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பயந்து திரும்புவதும் படிப்பைத் தின்றுவிடும். ‘பிடிக்காவிட்டால் வேறு விடுதிக்குப் போ’ என்று கொழும்பில் ஒரு குடும்பத்திடம் சொல்லலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தேறி, கிடைத்த ஒரே விடுதி இடத்தைப் பிடித்துக்கொண்ட தோட்டத்துப் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியாது.

பாடசாலைகளுக்குச் சமயம் வந்த வழி

மலைநாட்டின் பழைய பெரிய பாடசாலைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் சமய அமைப்புகளே. கண்டி திரித்துவக் கல்லூரி 1872-இல் அங்கிலிக்கன் மிஷனரிகளால் அந்த உருவில் தொடங்கப்பட்டது. கண்டி பெண்கள் உயர் பாடசாலை 1879-இல் மெதடிஸ்தர்களால் வந்தது. கிங்ஸ்வுட் 1891-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் மெதடிஸ்த திருச்சபையோடு இணைந்தது. மிஷனரிப் பாடசாலைகளுக்கு மாற்றாகப் பௌத்தப் பிள்ளைகளுக்கென்று 1887-இல் தர்மராஜ கல்லூரி எழுந்தது. ஊவாப் பக்கம் குருத்தலாவையில் 1942-இல், யுத்த நாட்களில், கல்கிசை புனித தோமையர் கல்லூரியின் கிளையாக ஒரு விடுதிப் பாடசாலை உருவானது.

பிறகு பெரிய மாற்றம் 1960, 1961-இல் நடந்தது. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம், 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டம் ஆகிய இரண்டின் மூலம் அரசின் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. சில, கட்டணம் வாங்காத தனியார் பாடசாலைகளாக வெளியே நிற்கத் தீர்மானித்தன. கிங்ஸ்வுட்டும் பெண்கள் உயர் பாடசாலையும் இன்று அரசாங்கப் பாடசாலைகள். திரித்துவம் தனியார்.

இந்த வரலாறு இன்றைய பிள்ளைக்கு ஏன் முக்கியம்? இரண்டு காரணங்கள். ஒன்று, அரசு பொறுப்பேற்றபோது கட்டடம் மாறவில்லை, மணி மாறவில்லை, பாடசாலைப் பாட்டு மாறவில்லை. ஆகவே ‘அரசாங்கப் பாடசாலை, சமயம் இருக்காது’ என்று நினைத்துச் சேர்ப்பது பிழையாகலாம். அப்படிப் பொறுப்பேற்ற பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதாவது படிவத்தின் அந்தக் கோடு இடம் ஒதுக்கும் கோடாகவும் வேலை செய்கிறது. இரண்டாவது காரணம், அரசு – தனியார் என்ற பிரிவு சட்டத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

யார் இந்தப் பிள்ளைகள்?

2012 குடிசன மதிப்பீட்டின் வெளியான அட்டவணையில் பௌத்தம், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், மற்றவை என்ற பிரிவுகள் உண்டு. ‘சமயமில்லை’ என்று ஒரு பிரிவு இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் இந்துக்கள் பாதிக்குச் சற்று மேல் என்று அதில் காணலாம், அந்தப் பாதிக்குள் கும்பிடாதவர் எத்தனை பேர் என்று காணமுடியாது. எண்ணிக்கை இல்லாததால் ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

ஆனால் இது மலையகத்துக்குப் புதியதில்லை. பெரியார் 1932-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் தங்கிப் பேசினார். இளஞ்செழியன் முன்னின்று நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் வேரூன்றி, 1962-இல் அரசால் தடைசெய்யப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கங்களில் ஊறிய குடும்பங்களும் உண்டு. நாடு முழுக்கப் பகுத்தறிவுப் பேச்சைக் கொண்டுபோன ஆபிரகாம் கோவூர் (1898–1978) ஒரு பாடசாலை ஆசிரியர்தான். அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடுதிகளில் இருக்கிறார்கள்.

இவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்: வீட்டிலிருந்தே சமயமில்லாமல் வளர்ந்தவர்கள், கலப்புத் திருமணத்தில் பிறந்து எந்தப் பக்கமும் சேர்க்கப்படாதவர்கள், விடுதிக்குள் வந்த பிறகு நம்பிக்கை போனவர்கள். முதல் இரண்டு வகைப் பிள்ளைகளுக்குப் பின்னால் வீடு நிற்கும். மூன்றாவது வகைதான் மிகத் தனிமையானது. தோட்டத்தில் அம்மா மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துத்தான் பிள்ளையை விடுதிக்கு அனுப்பியிருப்பார். கோயில் காசு செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) பிடிபடும், திருவிழாவில் குடும்பத்துக்கு ஒரு பங்கு இருக்கும். ‘நம்பிக்கையில்லை’ என்று வீட்டில் சொல்வது தோட்டத்தையே விட்டு விலகுவதுபோல் கேட்கும். ஆகவே பிள்ளை விடுதியிலும் சொல்லாது, வீட்டிலும் சொல்லாது. மாசியில் காமன் கூத்துக்கு லீவு கேட்டு ஊருக்குப் போய் ஆசையோடு ஆடிவிட்டும் வரும். கூத்து பிடிப்பதும் கும்பிடத் தோன்றாததும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம், அதில் பொய் எதுவும் இல்லை.

எங்கெங்கே தட்டுகிறது?

1. நேரம். முன்பே சொன்னதுதான். விலகும் பிள்ளைக்குக் கிடைப்பது ஓய்வு நேரம் இல்லை, ‘எங்கே போனாய்?’ என்ற கேள்வி.

2. மேற்பார்வை. இதைப் பலர் யோசிப்பதில்லை. மாலை வழிபாட்டு நேரத்தில் ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பொறுப்பாளர்தான் இருப்பார். ஒரு பிள்ளையைப் படுக்கையறையில் தனியே விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிப்போக அவர் பயப்படுவார். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. விலக்குக் கேட்டு மறுக்கப்படும் இடங்களில் கொள்கைப் பிடிவாதத்தைவிட இந்த ஆள்பற்றாக்குறையே காரணமாக இருக்கலாம். அப்படியானால் வழி தேட முடியும்.

3. சாப்பாடு. வெள்ளிக்கிழமை மரக்கறி, தவக்காலத்தில் மச்சம் (மீன், இறைச்சி) குறைப்பு, ஹலால். ஒவ்வொன்றுக்கும் சமயக் காரணம் ஏற்கப்படும். சமயமில்லாத பிள்ளை ‘எனக்கு இறைச்சி வேண்டாம்’ என்றால் அது செல்லம் கொஞ்சுவதாகத் தெரியும்.

4. லீவு. தீபாவளி, பொங்கல், நத்தார், பெருநாள் என்று வீட்டுக்குப் போகும் சீட்டைத் தருவது பதிவேட்டில் உள்ள சமயம்.

5. பொறுப்புகள். விடுதித் தலைவர் பதவிக்கு வருகிறவர் வழிபாட்டை முன்னின்று நடத்தவேண்டும் என்ற வழக்கம் உள்ள இடத்தில், திறமையுள்ள பிள்ளை அந்த வரிசையிலிருந்து தானே ஒதுங்கிவிடும்.

6. பெண் பிள்ளைகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்து வழக்கமுள்ள விடுதிகளில் மாதவிடாய் நாட்களில் பூசை அறைக்குள் போவதில்லை. அதாவது வெளியே நிற்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பூசைக்கு வராமல் இருக்கக் கேள்வியில்லாமல் ஏற்கப்படும் காரணம் அது ஒன்றே. நம்பிக்கையில்லாத ஒரு சிறுமி விலகி நிற்க விரும்பினால், தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லவேண்டும், அல்லது பிடிக்காமல் உள்ளே போகவேண்டும். பொய் மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் செல்லாது. மேட்ரன் கணக்கு வைத்திருந்தால் அதுவும் செல்லாது. 13 வயதுப் பிள்ளைக்கு இது பெரிய அவமானம். வழிபாட்டிலிருந்து விலக ஒரு சாதாரண, காரணம் கேட்காத வழி இருந்தால், நம்பிக்கையுள்ள சிறுமிகளுக்கும் அந்த நாட்களில் மறைவு கிடைக்கும்.

விலகி நின்றால் அதை எப்படி வாசிக்கிறார்கள்?

மலையகத்துக்கே உரிய சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். ‘நான் கும்பிடுவதில்லை’ என்ற ஒரே செயலுக்கு விடுதிக்கு விடுதி வேறு பொருள் ஒட்டப்படுகிறது.

இந்துப் பாடசாலை விடுதியில் ஒரு பிள்ளை விபூதி பூச மறுத்தால் முதலில் வரும் சந்தேகம் மதமாற்றம். தோட்டங்களில் பெந்தெகொஸ்தே சபைகள் பரவிய பிறகு ‘அல்லேலூயாவாகி விட்டானா?’ என்ற கேள்வி எப்போதும் தயாராக இருக்கிறது. வீட்டுக்குச் செய்தி போகும், உறவினர் பேசுவார்கள். பிள்ளை ‘அந்தச் சாமியும் இல்லை’ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கிறிஸ்தவ விடுதியில் அதே பிள்ளை ஆராதனையில் வாய் திறக்காமல் இருந்தால், ‘அவன் இந்து, அப்படித்தான் இருப்பான்’ என்று விட்டுவிடுவார்கள். இது அன்பான விட்டுக்கொடுப்பாகத் தெரியும், பல நேரம் அன்பானதுதான். ஆனால் அடுத்த வாரம் இந்துப் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது அவனும் அந்த வரிசையில் நிறுத்தப்படுவான்.

சிங்களப் பிள்ளைகள் பெரும்பான்மையாக உள்ள விடுதியில் இது இன்னும் நுட்பமானது. காலையில் பன்சில் (பௌத்தரின் ஐந்து சீலங்கள்) சொல்லும்போது ஒதுங்கும் தமிழ்ப் பிள்ளை, சமயத்தை மறுப்பதாக யாருக்கும் தோன்றாது. தமிழ்ப் பிள்ளை எதிர்ப்புக் காட்டுவதாகவே படும். வெசாக் கூடு கட்டுவதில் சேர்ந்து மூங்கில் பிளந்தால் நல்லவன், பன்சிலுக்குக் கை கூப்பாவிட்டால் முறைப்பானவன். சமயம் இனத்தின் அடையாளமாகிவிட்ட நாட்டில், நம்பிக்கையின்மையும் இனச் செயலாக வாசிக்கப்படுகிறது. இந்தப் பயத்தில் பல பிள்ளைகள் தங்கள் சொந்தச் சமயத்தை, நம்பாமலே, கவசமாக எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். ‘நான் இந்து’ என்று சொல்வது பாதுகாப்பானது, அது எல்லோருக்கும் புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, அதே உறுப்புரை மற்றச் சமயங்களின் உரிமைகளுக்கும் உறுதி தருகிறது. நம் கேள்விக்கு முக்கியமானது 10-ஆம் உறுப்புரை. சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரம் ஒவ்வோர் ஆளுக்கும் உண்டு என்கிறது. விரும்பிய மதத்தை அல்லது நம்பிக்கையைக் கொண்டிருக்கும் சுதந்திரமும் அதில் அடக்கம். ‘ஆள்’ என்பதில் பிள்ளையும் அடங்கும். 14-ஆம் உறுப்புரை தருகிற, வழிபாட்டை வெளிப்படையாகச் செய்யும் உரிமையைச் சட்டம் சில காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம். 10-ஆம் உறுப்புரையை அப்படிக் கட்டுப்படுத்த முடியாது.

சர்வதேசப் பக்கத்தில், குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980-இல் சேர்ந்தது. அதன் 18-ஆம் உறுப்புரை கட்டாயத்தைத் தடுக்கிறது. அந்த உடன்படிக்கைக்கான ஐ.நா. குழு 1993-இல் தந்த விளக்கம், எந்தச் சமயத்தையும் பின்பற்றாமல் இருப்பதும் இதே பாதுகாப்புக்குள் வரும் என்று தெளிவாகச் சொல்கிறது. 1991-இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 14-ஆம் உறுப்புரை, பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தை மதிக்கவேண்டும் என்கிறது. வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு, அதுவும் பிள்ளை வளர வளர அதன் பக்குவத்துக்கு ஏற்றபடி.

சரி, நடைமுறையில்? அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போகலாம், ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், அதுவும் அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே. அரசாங்கப் பாடசாலை விடுதி இதற்குள் வரும். திருச்சபையோ சங்கமோ நடத்தும் தனியார் விடுதிக்கு எதிராக இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. அங்கே பேச்சும், சேரும்போது கையெழுத்திட்ட விதிகளும்தான் பிடிமானம். மேலே அரசு – தனியார் பிரிவைப் பற்றிச் சொன்னது இதனால்தான்.

எனக்கு வருத்தமான ஒன்று: ஆங்கிலேயர் காலக் கல்விச் சட்டத்திலேயே ‘மனச்சாட்சி விதி’ இருந்தது. மிஷன் பாடசாலையில் படிக்கும் பௌத்த, இந்துப் பிள்ளையைச் சமய வகுப்பிலிருந்து விலக்கப் பெற்றோருக்கு வழி கொடுத்தது அது. அந்தக் காலத்தில் நம் பாட்டன்மார் கேட்டு வாங்கிய விலக்கை, இன்று நம் பாடசாலைகளில் இன்னொரு பிள்ளை கேட்டால் ஆச்சரியப்படுகிறோம்.

பரீட்சைப் பக்கம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றில் ஒன்றை எழுதவேண்டும், அதற்குப் பதிலாக ஒழுக்கவியலோ மெய்யியலோ கிடையாது. உயர்தரத்துக்குப் போக முதல்மொழி, கணிதம் உட்பட 6 பாடச் சித்தியும் 3 திறமைச் சித்தியும் வேண்டும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஆசிரியர் பற்றாக்குறையோடு போராடும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் சமயத்திலிருந்து வரும். ஆகவே நம்பிக்கை இல்லாவிட்டாலும் பாடத்தை விட்டுவிடாதே என்பதே பிள்ளைக்குச் சொல்லவேண்டியது. நாயன்மார் வரலாற்றைப் படித்து எழுதுவது அறிவு, அதற்கு விசுவாசம் தேவையில்லை.

சேர்ப்பதற்கு முன் கேட்கவேண்டியவை

1. வழிபாட்டில் ‘இருக்க’ வேண்டுமா, ‘பங்கெடுக்க’ வேண்டுமா? பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். எழுத்தில் கேளுங்கள்.

2. விலக்குப் பெற்ற பிள்ளை அந்த நேரத்தில் எங்கே, யாருடைய பார்வையில் இருக்கும்?

3. உதவிப்பணமோ இலவச இடமோ வழிபாட்டுக்குப் போவதோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் ஏமாற்றப்பட்டதாக உணரும்.

4. படிவத்தின் கோட்டில் என்ன எழுதுவது? சேர்க்கையில் சமய விகிதம் பார்க்கும் பாடசாலையில் வெறுமையாக விட்டால் இடமே போகலாம். அப்படியான இடத்தில் பிறப்பால் வந்த சமயத்தை எழுதிவிட்டு, வழிபாடு பற்றிய விருப்பத்தை அதிபருக்குத் தனிக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை வழிபாடு பல பிள்ளைகளுக்குத் தேவையானது. முதல் வாரம் அழுதுகொண்டு படுக்கும் பிள்ளைக்கு அந்தப் பாட்டு அம்மாவின் குரலாகக் கேட்கும். தோட்டத்தில் தகப்பன் இறந்த செய்தி வந்த இரவில் எல்லோரும் சேர்ந்து செய்யும் பிரார்த்தனையை நம்பிக்கையில்லாத பிள்ளைகூட வேண்டாம் என்று சொல்லாது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்பது 20 நிமிடத்துக்கு ஓர் அறை: வாசிகசாலையின் கதவு திறந்திருக்கட்டும், மூத்த மாணவர் ஒருவர் முறைவைத்து அங்கே உட்காரட்டும், வருகிறவரிடம் ஏன் வந்தாய் என்று கேட்கவேண்டாம். காய்ச்சல்காரப் பிள்ளை, நாளைக்குப் பரீட்சை உள்ள பிள்ளை, மாதவிடாய் நாளில் உள்ள பிள்ளை, கும்பிடத் தோன்றாத பிள்ளை என்று அங்கே எப்படியும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களில் நம்பிக்கையில்லாதவர் யார் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.